பிள்ளைகளோடு சுடும் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு எந்த வெண்ணெய்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அத்தை செய்துவிடுவார்கள். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகளை விட முடியாது. அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூட வைத்துக்கொண்டு பிஸ்கட் சுடலாம் என்றிருக்கிறேன். கடையில் 'பேக்கரி பட்டர்' என்று மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், வாங்கலாமா? இதற்காக ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு வேண்டுமா? மேலே தூவக் கலர் மணிகள் நல்லதா?

பதில்: முதலில் வெண்ணெய். காசைப் பார்க்காமல் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். டேபிள் பட்டர் என்று பாக்கெட்டில் விற்கும் வெண்ணெயில் 80 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். 'பேக்கரி பட்டர்' என்று கைக்கு வருவது பெரும்பாலும் மார்ஜரின், அதாவது தாவர எண்ணெயில் செய்த வெண்ணெய் போன்ற கொழுப்பு. 'தாவர எண்ணெய்', 'பாமாயில்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். 2022 ஜனவரியிலிருந்து இத்தகைய கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் ருசி ருசிதான். வெண்ணெய் நாக்கின் சூட்டிலேயே உருகிவிடும். மார்ஜரின் பிஸ்கட்டைத் தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டிக் கிடக்கும்.

உங்களுக்குத் தேவை எவ்வளவு தெரியுமா? 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. அவ்வளவுதான், முட்டைகூட வேண்டாம். சின்னதாக 25 பிஸ்கட் வரும். ஒரே ஒரு 100 கிராம் பாக்கெட்டில் என்ன பெரிதாக மிச்சம் பிடித்துவிடப் போகிறோம்? உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் மாவில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

நம் ஊரில் டிசம்பரிலும் வெண்ணெய் இளகும். பிள்ளைகளின் உள்ளங்கைச் சூடு வேறு. பிசைந்த மாவை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பிறகு சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தேய்த்துக் கொடுத்தால், டம்ளர் விளிம்பால் அவர்களே வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். அச்சு செட் வாங்க வேண்டியதில்லை.

ஓடிஜி இப்போது வேண்டாம். கனமான அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் தட்டை உள்ளே வைத்தால் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகிவிடும். இந்த வேலை முழுக்க உங்களுடையது. பின்னால் ஓடிஜி வாங்கினால் வாட்ஸைப் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1380 வாட்ஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் என்றால் 16 ஆம்பியர் பிளக் தேவை.

கலர் மணிகளில் எனக்கு விருப்பமே இல்லை. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது நினைவிருக்கும். பிள்ளைகள் கேட்டே தீருவார்கள் என்றால், 14 இலக்க உணவு உரிம எண்ணும் சேர்த்த நிறங்களின் பெயரும் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். உதிரியாகக் கட்டித் தருவதைத் தொடாதீர்கள். வெள்ளி உருண்டைகள் கடினமானவை, சின்னவனுக்கு ஆகாது.

அண்டிப்பருப்பு (முந்திரி) விளைகிற ஊரில் இருந்துகொண்டு மணிகள் எதற்கு? முழுப்பருப்புக்குப் பதில் உடைந்த பருப்பு கேளுங்கள். விலை குறைவு, ருசி அதேதான். 4 வயதுக்காரனுக்கு முழுப்பருப்பு தொண்டையில் அடைக்கலாம் என்பதால் உடைந்த பருப்பையும் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பதிப்பது அவன் வேலையாக இருக்கட்டும். விரலில் ஒட்டிய பச்சை மாவை மட்டும் நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் நறுக்கிய பருப்பும் சர்க்கரையும் வைத்துவிட்டால் வாய் அந்தப் பக்கம் போய்விடும்.