ஹாம் ரேடியோ போட்டி: கேள்வி பதில்

கேள்வி: முதல்முறையாக சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டியில் (உலகெங்கும் உள்ள ஹாம் நிலையங்களோடு தொடர்பு பிடிக்கும் போட்டி) இறங்குகிறேன். 100 வாட்ஸ், ஒரு டைபோல் (எளிய கம்பி ஆன்டெனா). எப்படி ஆரம்பிப்பது சார்?

பதில்: எஸ்எஸ்பி (குரல்) அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், சிடபிள்யூ (மோர்ஸ்) நவம்பரின் கடைசி முழு வார இறுதியில். சனி 0000 யூடிசி (உலகப் பொது நேரம்) முதல் ஞாயிறு 2359 வரை 48 மணி நேரம். 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் மட்டும்தான். 30, 17, 12 மீட்டரில் போட்டி கிடையாது. சத்தம் பிடிக்காதவர்கள் அங்கே நிம்மதியாகப் பேசட்டும். 100 வாட்ஸ் என்றால் உங்களுக்கு லோ பவர் பிரிவு.

சனிக்கிழமை சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) கூப்பிட்டுத் தொண்டையை வீணாக்காதீர்கள். பேண்டின் அடியிலிருந்து மேலே டயலை நகர்த்தி, பலமாகக் கேட்கிறவர்களை முதலில் பிடியுங்கள். ஞாயிறு பிற்பகுதியில் பெரிய நிலையங்களுக்குப் புது ஆள் கிடைப்பது அரிது, உங்கள் சன்னமான சிக்னலையும் தேடி எடுப்பார்கள். சிக்யூ கூப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் நேரம்.

கேள்வி: பைல்-அப்பில் (ஒரே நிலையத்தைப் பலர் ஒன்றாகக் கூப்பிடும் நெரிசல்) கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன். யாருமே எடுப்பதில்லை.

பதில்: முதலில் ஒரு நிமிடம் வாயை மூடிக் கேளுங்கள். எல்லோரும் கூப்பிடும் அந்த நிலையக்காரர் எந்த வேகத்தில் எடுக்கிறார், முடித்ததும் என்ன சொல்கிறார், ஸ்ப்ளிட்டில் (பேசுவது ஒரு அலைவரிசை, கேட்பது வேறு) கேட்கிறாரா என்று தெரிந்துவிடும். பிறகு முழு கால்சைன் (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்), ஒரே ஒரு தடவை. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொன்னால் மீதியைக் கேட்க அவருக்கு இன்னொரு சுற்று ஆகும்.

அவர் "ஆல்ஃபா பிராவோ மட்டும்" (ஏ, பி எழுத்துகள்) என்று கேட்டால், அந்த எழுத்துகள் உங்கள் கால்சைனில் இல்லையென்றால் பேசக் கூடாது. இந்த ஒரு ஒழுங்கை மட்டும் எல்லோரும் காத்தால் பைல்-அப் பாதி நேரத்தில் கரைந்துவிடும்.

சிடபிள்யூவில் இன்னொரு சிக்கல்: கிளஸ்டரில் (யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று இணையத்தில் பகிரும் பட்டியல்) ஸ்பாட் விழுந்ததும் எல்லோரும் அதே எண்ணைச் சொடுக்கி ஒரே அலைவரிசையில் கூடிவிடுகிறார்கள். அவர் காதில் ஒரே ஸ்வரத்தில் ஒரு ரீங்காரம்தான் விழும். எக்ஸ்ஐடியை (அனுப்பும் அலைவரிசையை மட்டும் நகர்த்தும் வசதி) 100 முதல் 150 ஹெர்ட்ஸ் தள்ளிக் கூப்பிடுங்கள், தனியாகத் தெரிவீர்கள். ஆனால் கிளஸ்டரைப் பார்த்துவிட்டால் நீங்கள் 'அசிஸ்டட்' பிரிவு. அதை மறைத்து உதவியில்லாத பிரிவில் லாக் (தொடர்புகளின் பதிவு) அனுப்புவது ஏமாற்று.

கேள்வி: மல்டிப்ளையருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: கணக்குப் போட்டால் தெரியும். இந்தப் போட்டியில் வேறு கண்டம் என்றால் ஒரு தொடர்புக்கு 3 புள்ளி. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு பேண்டிலும் பிடித்த நாடுகள், மண்டலங்களின் (போட்டிக்காக உலகைப் பிரித்த பகுதிகள்) கூட்டுத்தொகையால் பெருக்குகிறார்கள். அதுதான் மல்டிப்ளையர். கையில் 300 புள்ளி, 60 மல்டிப்ளையர் என்று வையுங்கள், ஸ்கோர் 18,000. சாதாரணத் தொடர்பு ஒன்று சேர்ந்தால் 303 × 60, அதாவது 180 கூடும். புது நாடு ஒன்று என்றால் 303 × 61, 483 கூடும். நாடும் மண்டலமும் சேர்ந்து புதிது என்றால் 786. ஆக, இந்தக் கட்டத்தில் ஒரு புது நாடு சாதாரணத் தொடர்பு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு ஒரு தொடர்பு கிடைக்கிற நேரத்தில் பத்து நிமிடம் ஒரே பைல்-அப்பில் நிற்பது நஷ்டம். அலைவரிசையை மெமரியில் போட்டுவிட்டு நகருங்கள், கூட்டம் குறைந்ததும் திரும்பி வரலாம்.

கேள்வி: ஏற்கெனவே பேசியவர் மறுபடி கூப்பிட்டால் 'டூப்' என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம், மறுபடி எண் (சிக்னல் ரிப்போர்ட், மண்டல எண்) கொடுத்து லாக் செய்யுங்கள். முந்தைய தடவை அவர் உங்கள் கால்சைனைத் தவறாக எழுதியிருக்கலாம். டூப்புக்கு அபராதம் இல்லை. வாக்குவாதத்துக்குப் போகிற நேரத்தில் இரண்டு பேரை முடித்துவிடலாம்.

அபராதம் உண்டு என்றால் அது தவறான கால்சைனுக்கும், எதிராளியின் லாக்கில் இல்லாத தொடர்புக்கும்தான். அந்தத் தொடர்பின் புள்ளி போவதோடு அதன் இரு மடங்கும் கழியும். 3 புள்ளித் தொடர்பில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் மொத்த இழப்பு 9. சந்தேகமிருந்தால் "மறுபடி" என்று கேளுங்கள். ஐந்து விநாடிதான் ஆகும்.

கேள்வி: நான் நின்ற அலைவரிசையில் வேறொருவர் வந்து சிக்யூ கூப்பிடுகிறார். உரிமை யாருக்கு?

பதில்: அலைவரிசை யாருடைய சொத்தும் இல்லை. காலி என்று தோன்றினாலும், குரலில் பேசும்போது "இந்த அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதா?" என்றும் சிடபிள்யூவில் கியூஆர்எல் என்றும் இரண்டு முறை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது முறை. அப்படிக் கேட்டும் மோதல் வரும். ஸ்கிப் தூரம் (வானில் பட்டுத் திரும்பும் அலை இறங்காத இடைவெளி) காரணமாக நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமலிருக்கலாம். நியாயம் உங்கள் பக்கமே என்றாலும் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போவது மலிவு. அரை மணி சண்டை என்றால் அந்த அரை மணித் தொடர்புகள் எல்லாம் போச்சு.

கேள்வி: பக்கத்து அலைவரிசைக்காரர்கள் என் சிக்னல் அகலமாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் மைக் கெய்னும் (மைக் ஒலியின் அளவு) கம்ப்ரஸரும் (குரலை அழுத்திப் பலமாக்குவது)தான். உச்சரிப்பின் உச்சத்தில் மட்டும் ஏஎல்சி (சிக்னல் அளவு எல்லை மீறாமல் அடக்கும் சுற்று) முள் லேசாகத் துடிக்க வேண்டும். வார்த்தைகளுக்கு இடையில் மின்விசிறிச் சத்தம் வெளியே போனால் கம்ப்ரஷன் அதிகம், குறையுங்கள். சிடபிள்யூவில் என்றால் கீயிங்கின் எழும் நேரத்தை (மோர்ஸ் தட்டும்போது சிக்னல் முழு பலத்துக்கு வர எடுக்கும் நேரம்) பாருங்கள். 5 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் கிளிக் சத்தம் அக்கம்பக்கமெல்லாம் பரவும்.

பேண்ட் ஓரத்தையும் கவனியுங்கள். 20 மீட்டர் 14.350 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. யூஎஸ்பியில் (டயலுக்கு மேலே குரல் இருக்கும் முறை) டயல் 14.349 காட்டினால் உங்கள் குரல் 14.3517 வரை போகும். அது பேண்டுக்கு வெளியே. 14.347க்கு மேலே போகாதீர்கள். எல்எஸ்பியில் இதற்குத் தலைகீழ்: டயலுக்குக் கீழேதான் குரல் இருக்கும்.

கேள்வி: லாக் அனுப்பும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கணினிக் கடிகாரம் யூடிசியில் சரியாக ஓடியதா என்று பாருங்கள்; இதைப் போட்டிக்கு முன்பே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. உள்ளூர் நேரத்தில் ஓடிய லாக்கின் நேரங்கள் எதிராளியின் லாக்கோடு பொருந்தாது. கேப்ரில்லோ (போட்டி லாக்குக்கான கோப்பு வடிவம்) கோப்பின் தலைப்பில் பிரிவு, பவர், ஆபரேட்டர் வரிகள் சரியா என்று பார்த்துவிட்டு, போட்டி முடிந்த 5 நாளுக்குள் அனுப்புங்கள். முடிந்தபின் டேட்டாபேஸைப் பார்த்தோ, ஒலிப்பதிவைக் கேட்டோ கால்சைனைத் திருத்துவது விதிமீறல். நீங்கள் காற்றில் கேட்டு எழுதியது தவறாக இருந்தாலும் அது அப்படியே போகட்டும்.