மலைக்கு எந்த மாதம்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடைப்பயணம், ஜூலையில் போனால் 40 சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் வந்தது. இன்றைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (வாசகர், கே.கே. நகர்)

பதில்: ஆடித் தள்ளுபடி மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கு ஆகும், இமயமலைக்கு ஆகாது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் பாதி தாண்டும்வரை நேபாளத்தில் மழைக்காலம். நடை தொடங்கும் லுக்லாவுக்கு, 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஓடுதளத்துக்கு, விமானத்தில் போக வேண்டும். மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. காத்திருக்கும் நாட்களின் அறை வாடகை உங்கள் தலையில். கீழ்ப்பாதைகளில் அட்டைக்கடி வேறு. இத்தனையும் தாண்டி 5,364 மீட்டர் ஏறி நின்றால், எதிரே வெள்ளைத் திரை. மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, இந்த இரண்டும்தான் அந்தப் பாதைக்கு நல்ல காலம். மழை கழுவிவிட்டுப் போன வானம் வேண்டுமென்றால் அக்டோபர்.

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் இப்படித்தான் சலுகை விலையில் இமாசலம் போனேன். நான்கு நாட்கள் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தேன். காலுறையைப் பிழிந்து கயிற்றில் போடுவது, மறுநாள் அதே ஈரத்தோடு எடுத்து மாட்டுவது, இதுதான் என் மலையேற்றம். இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்து, இறகெல்லாம் மூலைக்கு மூலை கட்டி கட்டியாய்த் திரண்டுவிட்டது. நனைந்த இறகு குளிர் தாங்காது என்பது வாங்கும்போது எனக்குத் தெரியாது. சிகரம் எங்கே என்று கேட்டால் வழிகாட்டி மேகத்தைக் காட்டினார். ஊர் திரும்பி ரசீதைப் பார்த்தேன். 'ஆண்டு முழுவதும் ஏற்ற பயணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியைக் கண்டாலே எனக்கு இன்றும் எரிகிறது. எந்த உயர்ந்த மலையும் பன்னிரண்டு மாதமும் ஏற்றதல்ல.

ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு என்றால் லடாக்கைப் பாருங்கள். மழைமேகத்தின் பெரும்பகுதியை இமயம் இந்தப் பக்கமே தடுத்துவிடுவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே நடக்கலாம். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் பூத்துக் கிடக்கும். ஆனால் அது நனையச் சம்மதித்துப் போகிற இடம்.

கேள்வி: டிசம்பரில் இமயத்தில் கூட்டமும் இல்லை, விலையும் குறைவு என்கிறார்கள். கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதுமா? (வாசகர், மேலூர்)

பதில்: கொடைக்கானலுக்குப் போதும்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். மே விடுமுறையா, காலாண்டு விடுமுறையா, எதில் இமயம் போகலாம்? (வாசகி, திருமங்கலம்)

பதில்: வானத்தை மட்டும் பார்த்தால் காலாண்டு விடுமுறை. ஆனால் மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போய்வரவே ஏறக்குறைய நான்கு நாட்கள் தின்றுவிடும். மிச்ச நாளுக்குள் அடக்க, ஆறு நாள் ஏற்றத்தை நான்கு நாளில் முடித்துத் தருகிறோம் என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு தங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நம் ஊரோ கடல் மட்டத்துக்குச் சுமார் நூறு மீட்டர்தான் மேலே. மே மாதமே போங்கள். கணவாய் தாண்டாத, உயரம் குறைந்த பாதையாக எடுங்கள்.

கேள்வி: மே முதல் வாரம் இமாசலத்தில் ஒரு கணவாயைக் கடக்கும் பயணத்துக்கு 14,000 ரூபாய் கட்டினேன். போன பிறகு, பனி இன்னும் உருகவில்லை என்று அடிவாரத்தில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். பணம் கிடையாதாம். தவறு என்னுடையதா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இல்லை, ஐயா. திடீர்ப் புயல் வந்திருந்தால் வேறு பேச்சு. மே தொடக்கத்தில் உயர்ந்த கணவாய்களில் பனி கிடக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே விற்றிருக்கிறார்கள். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியவில்லையென்றால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விளம்பரம், பணம் கட்டிய சான்று, அடிவாரத்தில் எடுத்த படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பயிற்சிக்காக மார்ச்சில் குரங்கணி மலைக்கு ஒரு குழு அழைக்கிறது. அனுமதியெல்லாம் வேண்டாமாம். (வாசகர், ஆண்டிபட்டி)

பதில்: போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று அதே மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் அங்கே புல் காய்ந்து கிடக்கும். காற்றடித்தால் ஓடித் தப்ப முடியாது. மழை முடிந்த பிறகு, அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாகப் பதிந்து, வழிகாட்டியோடு போங்கள். அனுமதி வேண்டாம் என்றவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: வரும் ஞாயிறு புறப்படுகிறேன். எந்த மலையேற்றக் காலணி வாங்கலாம்? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அழகர்மலையில் ராக்காயி அம்மன் கோயில் வரை நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பழகாத காலணி, இமயத்தில் இரண்டாம் நாளே குதிகாலை உரித்துவிடும். காலுக்குப் பழகிய பழையதையே போடுங்கள். அதற்கு முன் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். ஐந்தாண்டுகள் அலமாரியில் கிடந்த என் ஜோடி வெளியே புதிதுபோல்தான் இருந்தது. அடி பிய்ந்துபோய், மூன்று மணி நேரம் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.