ஏரி காட்சிமுனைக்குப் பிள்ளைகளோடு ஏறுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருபது வருடமாக மலைப்பாதைகளில் நடக்கிறேன், பாதி நாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் நடையைப் பற்றிக் கேளுங்கள். கயிறு கட்டி ஏறுவதும் கூடாரம் போட்டுத் தங்குவதும் என் பேட்டை இல்லை.

கேள்வி: அக்கா, ஒருவழி நாலு கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது. எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: தூரத்தை மட்டும் சொன்னால் நேரம் சொல்ல முடியாது. ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30, ஆக 78 நிமிடம். இது எங்கும் நிற்காமல் நடக்கிற பெரியவரின் கணக்கு. பிள்ளைகள் குச்சி பொறுக்குவார்கள், எறும்பு பார்ப்பார்கள், நடந்த பத்தாவது நிமிடம் பசிக்கிறது என்பார்கள். நான் இரட்டிப்பாக்கி, இரண்டரை மணி நேரம் என்று வைப்பேன். இறக்கத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். களைத்த கால் இறக்கத்தில்தான் வழுக்கும்.

அப்புறம், திரும்பும் நேரம். அதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். "ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம்" என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது நான் இதை மீறினேன். எதிரே இறங்கி வந்தவர் "அடுத்த வளைவில் ஏரி தெரியும்" என்றார். ஏழு வளைவு போனோம். இறங்கும்போது இருட்டிவிட்டது. நாலு பேருக்கு ஒரே கைபேசி வெளிச்சம், காலடியில் முழுக்க வேர். மகள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே, "அம்மா, நாம ஏரியைப் பார்த்தோமா?" என்று கேட்டாள். பார்த்தோம், மூன்று நிமிடம்.

கேள்வி: இதற்கென்று புது ஷூ வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கினால் இரண்டு வாரம் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். பிள்ளை "குதிகால் உறுத்துது" என்று சொன்ன அதே இடத்தில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது தாமதம்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையை முதுகுப்பையில் வைத்துத் தூக்கிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடுவீர்கள்: ஏறுகிற உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், முதுகில் இருக்கிற குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும், காற்று தனி. உங்களுக்கு இருக்கிற சூட்டை வைத்து அதன் உடையை முடிவு செய்யாதீர்கள். அரைமணிக்கு ஒரு தடவை பிடரியில் கை வைத்துப் பாருங்கள். தொங்குகிற கால்கள் மரத்துப்போகும், இறக்கி விடுங்கள். ஏரி 2500 மீட்டருக்கு மேல் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்த உயரத்தால் தலை வலித்தாலும் அதைச் சொல்லத் தெரியாத வயது அது.

கேள்வி: சில மலை ஏரிகள் பச்சையும் நீலமும் கலந்து மின்னுகின்றனவே, அது வானத்தின் பிரதிபலிப்புதானே?

பதில்: இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன். இல்லை. பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைக்கிறது. அந்தப் பாறை மாவு உருகுநீரோடு ஏரிக்கு வந்து, எளிதில் படியாமல் மிதக்கிறது. வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் பச்சையையும் நீலத்தையும் அந்த மாவு நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். பனியாறு இல்லாத ஏரியில் மாவு கிடையாது. அங்கே தெளிந்த ஆழமான தண்ணீர் கருநீலமாகத் தெரியும், பாசி மிகுந்தது பச்சையாக.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன் அக்கா. நான் பார்த்த ஏரி மதியம் நீலமாக இருந்தது, கரைக்கு இறங்கிப் போனால் வெறும் சாம்பல் நிறம். மேகம் வந்திருந்தது. அப்போ வானம்தானே காரணம்?

பதில்: பாதி உங்கள் பக்கம். கரையில் நின்றால் நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்க்கிறீர்கள். அந்தக் கோணத்தில் பிரதிபலிப்பு ஓங்கும், வானம் சாம்பல் என்றால் ஏரியும் சாம்பல். காட்சிமுனையிலிருந்து செங்குத்தாகக் கீழே பார்த்தால் பிரதிபலிப்பு குறைந்து, தண்ணீருக்குள்ளிருந்து வரும் நிறம் தெரியும். மூச்சு வாங்க மேலே ஏறுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. மேகத்தையே சாட்சிக்கு அழைக்கிறீர்கள், சரி. மேகமூட்டமான நாளில் மேலிருந்து பாருங்கள். மாவு கலந்த ஏரி மங்கும், ஆனால் பச்சை போகாது. வானம்தான் காரணம் என்றால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

கேள்வி: நடுவே வருவதற்கு மன்னிக்கவும். போலராய்டு கண்ணாடி போட்டதும் ஏரியின் நிறம் மாறியதே, அதுவும் இதனால்தானா?

பதில்: அதேதான்! அந்தக் கண்ணாடி பிரதிபலித்த வெளிச்சத்தை வடிகட்டிவிடும். கரையில் நின்று போட்டுப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள். மேலே வாதாடியவரும் செய்து பார்க்கலாம். படம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்லிவிடுகிறேன்: மலை தலைகீழாகத் தெரிய வேண்டுமானால் காற்று எழுமுன் விடியற்காலை. நிறம் வேண்டுமானால் வெயில் உச்சிக்கு வந்த பிறகு, உயரத்திலிருந்து. இரண்டும் ஒரே படத்தில் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: எட்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை. நாலு மணி நேரம் போதுமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். ஏற்றத்தைச் சொல்லவில்லை நீங்கள்.

கேள்வி: ஏரியில் குளிக்கலாமா? வீட்டில் எல்லோருக்கும் நீச்சல் தெரியும்.

பதில்: அனுமதி இருக்கும் இடத்தில்கூடக் குதிக்க மட்டும் வேண்டாம். வெயில் சுள்ளென்று அடித்தாலும் அது பனி உருகிய தண்ணீராக இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் சட்டென்று விழுந்தால் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும், நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால்? நீச்சல் தெரிந்தவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள். கணுக்கால் வரை நனைத்து விளையாடுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

கேள்வி: மதியம் இடி இடித்தால் காட்சிமுனையில் ஒதுங்கலாமா?

பதில்: கூடாது. அதுதான் சுற்றுவட்டாரத்தில் திறந்த, உயர்ந்த இடம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுங்கள், அத்தனை கிலோமீட்டர் தூரம். 30 விநாடிக்குள் என்றால் ஏற்கெனவே ஆபத்தான தூரம், உடனே கீழே இறங்குங்கள். தனி மரத்தடியும் வேண்டாம். வெயிலில் சூடான காற்று மேலெழுந்து மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் மேகம் திரளும். திரும்பும் நேரம், திரும்பும் நேரம் என்று நான் கத்துவதற்கு இதுவும் காரணம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?

பதில்: மருத்துவர் சொல்ல வேண்டியது. ஏற்றத்தைவிட இறக்கம் முழங்காலைப் படுத்தும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் மேலே போய் ஏரியைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்றான். பிறகு கல் உருட்டத் தொடங்கிவிட்டான்.

பதில்: அந்த வயதில் காட்சி பெரிதில்லை, கல்தான் பெரிது. கரைக்குப் போனதும் தண்ணீரில் எறியட்டும். மேலிருந்து உருட்டுவதை மட்டும் அந்த நொடியே நிறுத்துங்கள். நீங்கள் ஏறி வந்த வளைவுகளில் கீழே இன்னொரு குடும்பம் வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: அக்கா, கடைசியாக ஒன்று. போக வர பத்து கிலோமீட்டர். எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: ஏற்றம் எத்தனை மீட்டர்?