டோக்கியோவின் சின்ன யாகிடோரிக் கடைகள்: கேள்வி பதில்

டோக்கியோ வரும் நம் மக்கள் ராமென் நூடுல்ஸ் கடைக்கும் சுஷி கடைக்கும் தயங்காமல் போகிறார்கள். கோழிக்கறியைக் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் சுட்டுத் தரும், பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய யாகிடோரிக் கடை என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். புகை, நெருக்கம், புரியாத மெனு என்று அதற்குப் பல காரணங்கள். இந்த ஊரில் நான் மிகவும் விரும்பிச் சாப்பிடுவது இந்தக் கடைகளில்தான். அதனால் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: அக்கா, முதல்முறையாக டோக்கியோ வருகிறேன். ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் என்ன செய்வது?

வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள், போதும். அவர்கள் கைகாட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். காலி நாற்காலியைப் பார்த்து நாமாகப் போய் உட்காரக் கூடாது. ஈரத் துண்டு தருவார்கள். அது கை துடைக்க.

முதலில் கேட்பது என்ன குடிக்கிறீர்கள் என்றுதான். ஆளுக்கு ஒரு பானமாவது சொல்வது அங்கே மரியாதை. மது வேண்டாம் என்றால் 'ஊலாங் சா' என்று சொல்லுங்கள், குளிர்ந்த தேநீர் வரும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கூடவே நீங்கள் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் வரும். 'ஓதோஷி' என்பார்கள். அதற்கு ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். நம் ஆட்கள் பலர் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். அது உட்காரும் இடத்துக்கான கட்டணம், எல்லோருக்கும் உண்டு.

சென்னையிலிருந்து: மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. எதைக் கேட்பது என்று ஒரு வரிசை சொல்லுங்களேன்.

'ஓமகாசே' உள்ள கடையாக இருந்தால் அதையே சொல்லிவிடுங்கள். சமைப்பவர் தன் விருப்பப்படி ஒவ்வொரு குச்சியாகத் தருவார். சில கடைகளில் நீங்கள் போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும்.

நீங்களே சொல்வதென்றால் 'நெகிமா'வில் தொடங்குங்கள். தொடைக்கறியும் தடித்த வெங்காயத்தாளும் மாறி மாறிக் கோத்தது. இது எப்படி இருக்கிறது என்பதை வைத்தே கடையை எடைபோட்டுவிடலாம். அடுத்து 'சுகுனே', கொத்துக்கறி உருண்டை. நம் கோலா உருண்டையைப் போல அழுத்திப் பிடிக்காமல் மென்மையாகப் பிடித்திருப்பார்கள். சில இடங்களில் தொட்டுக்கொள்ளப் வேகவைக்காத முட்டை மஞ்சள் கரு வரும். பிறகு 'தெபாசாகி' (இறக்கை), 'சுனாகிமோ' (இரைப்பை, நறுக்கென்று கடிபடும்), 'ஹாட்சு' (இதயம்), 'ரேபா' (ஈரல்). தோல் பிடிக்கும் என்றால் 'காவா'. கொழுப்புக்குப் பயமில்லை என்றால் 'போன்ஜிரி', அது வால் பகுதி. கழுத்துக்கறியான 'செசேரி' கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு கோழியில் கொஞ்சம்தான் கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உப்பா, 'தாரே'யா என்று கேட்பார்கள். சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சாகே (அரிசி மது), சர்க்கரை சேர்த்த குழம்புதான் தாரே. என் விருப்பம்: ஈரலுக்கும் சுகுனேக்கும் தாரே, மற்ற எல்லாவற்றுக்கும் உப்பு. குழப்பமாக இருந்தால் சுடுபவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு குச்சிகளை ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று சொல்லி, அது தீரும்போது அடுத்ததைச் சொல்லுங்கள். அடுப்பில் இடம் கொஞ்சம், சுடுபவர் பெரும்பாலும் ஒருவர்தான். தட்டில் குவித்து ஆறவிட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண்.

கோவையிலிருந்து: நாங்கள் நான்கு பேர். கறியைக் குச்சியிலிருந்து உருவித் தட்டில் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாமா?

வேண்டாமே. உருவினால் சாறு வடிந்து உடனே ஆறிவிடும். பல கடைகளில் நுனித் துண்டைக் கொஞ்சம் பெரிதாகக் கோத்திருப்பார்கள், முதல் கடியிலேயே வாய் நிறைய வேண்டும் என்பதற்காக. உருவாதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கும் கடைகளும் உண்டு. நான்கு பேருக்கு நான்கு குச்சி சொல்லுங்கள். வெறும் குச்சியைப் போட மேசையில் ஒரு குவளை இருக்கும்.

மதுரையிலிருந்து: வெறும் உப்புப் போட்டுச் சுட்ட கோழியில் அப்படி என்ன இருக்கிறது? நம் ஊர் மசாலா வறுவலுக்கு ஈடாகுமா?

ஈடு பார்க்கவே வேண்டாம். அங்கே ருசி மசாலாவிலிருந்து வருகிறது, இங்கே நெருப்பிலிருந்து வருகிறது.

நல்ல கடைகளில் எரிப்பது 'பிஞ்சோதான்' கரி. 'உபாமே' என்ற ஓக் மரத்தைச் சூளையில் பல நாள் வேகவைத்து, கடைசியில் காற்றை உள்ளே விட்டு வெப்பத்தை 1000 டிகிரிக்கு மேல் ஏற்றி, தகதகக்கும் கரியை வெளியே இழுத்துச் சாம்பலும் மண்ணும் கலந்த பொடியால் மூடி அணைப்பார்கள். வாகாயாமா பகுதியின் கிஷூ கரிக்குப் பெயர் அதிகம். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். தீ நாக்கும் புகையும் குறைவு, அனல் அதிகம், நீண்ட நேரம் நிற்கும். நீங்கள் பார்க்கும் புகை பெரும்பாலும் கரியிலிருந்து வருவதில்லை. கோழிக் கொழுப்பு அனலில் சொட்டிக் கிளம்புவது. அது மேலே எழுந்து கறியிலேயே படிகிறது. அந்த மணம்தான் இங்கே மசாலா.

அடுப்பைக் கவனியுங்கள். பல கடைகளில் கம்பி வலை இருக்காது. குச்சியின் இரு முனைகளும் இரண்டு கம்பிகள்மேல் நிற்கும், கறி அந்தரத்தில் வேகும். சுடுபவர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் குச்சிகளைத் திருப்பி, இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். தோல் ஓரத்தில் மெதுவாக, இதயம் நடுவில் வேகமாக. குச்சியில் கோக்கப் பழக மூன்று வருடம், சுடக் கற்க ஒரு ஆயுள் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் அது மிகையில்லை என்று தெரியும்.

கோழியும் ஒரு காரணம். நல்ல கடைகள் பலவற்றில் 'ஜிதோரி' என்னும் நாட்டுரகக் கோழி. உள்ளூர் இன ரத்தம் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 75 நாளாவது வளர்க்க வேண்டும், 28-ஆம் நாளுக்குப் பிறகு தரையில் நடமாட விட வேண்டும் என்று ஜப்பானிய விவசாயத் தர நிர்ணயம் சொல்கிறது. பிராய்லர் சுமார் 50 நாளில் கடைக்கு வந்துவிடும். ஆகிதாவின் ஹினாய், நாகோயா கோச்சின், ககோஷிமாவின் சத்சுமா ஆகிய பெயர்களைப் பலகையில் பார்த்தால் தைரியமாக உட்காருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, கோழி உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் என்று சொல்கிறார்கள். பச்சையாகவும் தருவார்களாம். பயப்படாமல் சாப்பிடலாமோ?

பச்சைக் கோழியைத் தவிர்த்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். ககோஷிமா, மியாசாகி பக்கம் அந்தப் பழக்கம் உண்டு, அதற்கென்று உள்ளூர் விதிமுறைகளும் இருக்கின்றன. ஆனாலும் காம்பைலோபாக்டர் என்ற கிருமியால் வரும் வயிற்றுக் கோளாறு ஜப்பானில் சாதாரணமாக நடப்பது. கிருமி எவ்வளவு புதிய கோழியிலும் இருக்கலாம். நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் அறிவுரை. ஈரலையும் 'சசாமி' என்ற நெஞ்சுத் துண்டையும் சில கடைகள் அரைவேக்காட்டில் தருவார்கள். 'யோகு யாயிதே குதாசாய்' என்று சொன்னால் நன்றாகச் சுட்டுத் தருவார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் இதில் துணிச்சல் காட்டவே வேண்டாம். சாப்பிட்டு இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காட்டும், அதற்குள் நீங்கள் விமானத்தில் இருக்கலாம்.

காயல்பட்டினத்திலிருந்து: ஹலால் பார்க்கும் எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

சாதாரணக் கடைகளில் இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோழி ஹலால் முறையில் அறுத்ததில்லை. தாரேயில் சாகேயும் மிரினும் இருக்கும். உப்புக் குச்சியிலும் சாகே தெளிப்பவர்கள் உண்டு. ஹலால் என்று வெளிப்படையாகச் சொல்லும் கடையை மட்டும் நாடுங்கள்.

பன்றி சாப்பிடாத மற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஹொக்கைதோவின் முரோரானில் யாகிடோரி என்றால் பன்றிக்கறியும் வெங்காயமும்தான், கடுகு தொட்டுச் சாப்பிடுவார்கள். சைதாமாவின் ஹிகாஷிமட்சுயாமாவில் பன்றித் தலைக்கறிக்கு மிசோ தடவித் தருவார்கள். ஃபுகுவோகா கடைகளில் பன்றி வயிற்றுக்கறிக் குச்சி சர்வசாதாரணம். டோக்கியோவிலும் குடல், ஈரல் சுடும் பழைய கடைகள் பல பன்றிக் கடைகள்தான். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சேலத்திலிருந்து: மனைவி சைவம். கூட அழைத்து வரலாமா?

ஷிஷிதோ மிளகாய், ஷிதாகே காளான், ஜின்கோ விதை, கத்தரிக்காய், தடித்த டோஃபு எல்லாம் சுட்டுத் தருவார்கள், ருசியாகவே இருக்கும். ஆனால் எல்லாம் அதே அடுப்பில், அதே கொழுப்புப் புகையில்தான் வேகும். அது ஒப்பாத சைவம் என்றால் அன்றைக்கு வேறு இடம் பாருங்கள், அவரை அங்கே உட்காரவைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். ஒப்பும் என்றால் உப்பு மட்டும் கேளுங்கள். தாரேப் பானையில் கோழிக் குச்சிகளை முக்கி முக்கி எடுத்திருப்பார்கள். அஸ்பாரகஸ் குச்சியில் பன்றிக்கறி சுற்றியிருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: முன்பதிவு அவசியமா? எவ்வளவு ஆகும்?

தெருமுனைக் கடைக்கு மாலை ஐந்து, ஐந்தரைக்குத் திறந்தவுடன் போனால் இடம் கிடைக்கும். குச்சி 150 முதல் 300 யென், குடித்துச் சாப்பிட ஆளுக்கு 3000 முதல் 4000 யென் வைத்துக்கொள்ளுங்கள். மெகுரோவின் தோரிஷிகி போன்ற பெயர்பெற்ற கடைகளுக்கு வெகு முன்பே பதிவு வேண்டும், செலவும் பல மடங்கு. முதல்முறை வருபவர்கள் அங்கே இடம் தேடி அலைய வேண்டாம் என்பேன். பதிவு செய்துவிட்டு வராமல் மட்டும் இருக்காதீர்கள். எட்டு இருக்கைக் கடையில் இரண்டு காலி என்றால் அன்றைய வரும்படியில் கால்வாசி போச்சு.

தஞ்சாவூரிலிருந்து: பெண் தனியாகப் போகலாமா அக்கா?

தாராளமாக. கவுண்டர் இருக்கையே தனியாக வருபவர்களுக்கு ஏற்றது. சிகரெட் புகைதான் சிலருக்குத் தொல்லை. 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைக்கப் பொதுவாகத் தடை இருந்தாலும் சில சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். துணியில் புகை மணம் ஏறும், பட்டுப் புடவை வேண்டாம்.

நெல்லையிலிருந்து: எப்போது எழுந்திருக்க வேண்டும்? டிப்ஸ் உண்டா?

டிப்ஸ் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். கடைசியாகக் கோழிச் சூப்போ, சுட்ட சோற்று உருண்டையோ, கோழியும் முட்டையும் போட்ட 'ஓயாகோதோன்' சோறோ கேளுங்கள். அதை முடித்த பிறகு வெறும் கோப்பையோடு உட்கார்ந்து கதை பேசக் கூடாது, வெளியே ஆள் நிற்கலாம். இரண்டு ஆட்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டினால் பில் வரும். எழும்போது அடுப்படியில் நிற்பவரைப் பார்த்து 'கோச்சிசோசாமா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு வாருங்கள். கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.