புல் விற்பவரே தோட்டமும் வரையலாமா?

கேள்வி: நான் தோட்டக்கலையில் இளநிலைப் பட்டம் பெற்றவன். காரைக்குடிக்கு அருகே அப்பா நடத்தும் நர்சரியைக் கவனித்துக்கொண்டே, சில ஆண்டுகளாக வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தோட்டம் அமைத்துத் தருகிறேன். விசிட்டிங் கார்டில் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் அப்படிப் போட்டால் வழக்கு வரும் என்கிறார் இங்குள்ள ஒரு பொறியாளர். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரோ, தேர்வு எழுதாமல் அந்தத் தொழிலையே செய்ய முடியாது என்கிறார். இதற்கிடையில் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் 4,000 சதுர அடிக்குப் புல்தரை, ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூவேலைச் சிமெண்ட் ஓடு) என்று கேட்கிறார்கள். நான் வடிவமைப்புக்கு என்று தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. செடியிலும் புல்லிலும் கிடைப்பதுதான் வருமானம். அவ்வளவு புல் அங்கே வேண்டாம் என்று எனக்கே தோன்றுகிறது. அதை எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: பொறியாளர் சொன்னது பாதி சரி, மைத்துனர் சொன்னது அவர் இருக்கும் ஊருக்கு மட்டும் சரி.

ஆர்க்கிடெக்டுகளைப் பதிவுசெய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் தனது 37ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆனால் அதே பிரிவு, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று அழைக்கப்படுபவருக்கும், கப்பல்களை வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட் என்பவருக்கும் இந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கிறது. செடிகள், மரங்கள், நிலத்தோற்றம் ஆகியவை சார்ந்த திறந்தவெளிகளை வடிவமைப்பவர் என்று முன்னவருக்கு ஒரு விளக்கத்தையும் தருகிறது. அந்தப் பிரிவு தடுப்பது பட்டப்பெயரைத்தானே தவிர, தொழில் செய்வதை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. எனவே உங்கள் கார்டில் இருக்கும் பெயருக்காக வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்சொல்லை விட்டுவிட்டு வெறும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று ரசீதிலோ வாட்ஸ்அப் முகப்பிலோ போட்டீர்களானால் மட்டும் பொறியாளர் சொன்னது உண்மையாகிவிடும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1953இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த உரிம முறை இன்று 50 மாநிலங்களிலும் இருக்கிறது. உரிமம் வழங்கும் மாநில வாரியங்களின் கூட்டமைப்பான கிளார்ப் நடத்தும், நான்கு பகுதிகள் கொண்ட ‘லேர்’ தேர்வில் தேறியவர்களுக்கே உரிமம் கிடைக்கும். அந்த உரிமம் ஒருவருடைய ரசனைக்குக் கொடுக்கப்படும் சான்றிதழ் அல்ல. சரிவை வெட்டினால் மண் சரியுமா, மழைநீர் பக்கத்து வீட்டுக்குள் புகுமா, படியில் முதியவர் வழுக்கி விழுவாரா என்ற கேள்விகளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில் அப்படி ஒரு வாரியம் இல்லை. 2003இல் தொடங்கப்பட்ட இசோலா (இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் சங்கம்), இத்துறையினர் தாமாக விரும்பிச் சேரும் சங்கம்தான். அது உரிமம் வழங்குவதில்லை. ஆகவே அங்கே வாரியம் கேட்கும் கேள்விகளை இங்கே வடிவமைப்பவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இருந்தாலும், நானாக இருந்தால் அந்தப் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிடுவேன். டெல்லி எஸ்பிஏ, அகமதாபாத் செப்ட் போன்ற கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களில் இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களையே தொழிலுலகம் அந்தப் பெயரால் அறிகிறது. வாடிக்கையாளரும் அதைப் படித்தால் அப்படித்தான் புரிந்துகொள்வார். ‘தோட்ட வடிவமைப்பாளர்’ என்று போட்டு, கீழே உங்கள் பட்டத்தை எழுதுங்கள். இதில் குறைவு ஒன்றுமில்லை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் எந்தச் செடி சித்திரை வெயிலைத் தாங்கும் என்பது, படித்த ஆர்க்கிடெக்ட் பலரும் உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் செய்தி.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது பெயர் அல்ல, கட்டணம். வடிவமைப்பு இலவசம், லாபம் புல்லில் என்றால், புல் குறைய வேண்டும் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் வருமானத்தையே குறைத்துக்கொள்கிறீர்கள். புல் வேண்டும் என்று சொல்லும்போது, அது நேர்மையான கருத்தாகவே இருந்தாலும், கேட்பவருக்கு அது விற்பனைப் பேச்சாகத்தான் ஒலிக்கும். வேலையை அறிமுகம் செய்பவருக்குக் கமிஷன், பரிசு, தள்ளுபடி எதுவும் தரக் கூடாது என்று பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டுகளுக்கான 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. அவை உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஆலோசனையையும் ஆதாயத்தையும் விலக்கி வைக்க வேண்டும் என்ற அவற்றின் நோக்கம் உங்கள் தொழிலுக்கும் பொருந்தும். நர்சரியை மூடச் சொல்லவில்லை. வடிவமைப்புக்கு ஒரு மொத்தத் தொகையை முன்னதாகவே பேசி, வரைபடத்தின் நிலைகளுக்கு ஏற்பப் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்ளுங்கள். செடிப் பட்டியலை, வேறு எந்த நர்சரியிலும் விலை கேட்கக்கூடிய விதத்தில், இனம், உயரம், தொட்டியின் அளவு ஆகியவற்றுடன் தனியாகக் கொடுங்கள். அந்தப் பட்டியலுக்கு உங்கள் அப்பாவின் நர்சரியும் விலை கொடுக்கும், அது உங்கள் குடும்பத்துடையது என்பதை எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள். ‘இதுவரை சும்மாதானே வரைந்து கொடுத்தீர்கள்?’ என்று முதலில் ஒருவர் இருவர் முகம் சுளிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, புல் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது? கருத்தாகச் சொல்லாதீர்கள்; தண்ணீர்க் கணக்காகச் சொல்லுங்கள். கோடையில் நன்கு பராமரிக்கப்படும் புல்தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 4,000 சதுர அடி சுமார் 370 சதுர மீட்டர்; ஆக நாளொன்றுக்கு 1,850 லிட்டர், மழையில்லாத நூறு நாளுக்கு 1,85,000 லிட்டர். மறுபக்கம் வரவைப் பாருங்கள். வீட்டின் ஓட்டுக்கூரை 6,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், ஐப்பசியில் 50 மில்லிமீட்டர் கொட்டும் ஒரு நல்ல மழையில், சிதறிப்போவது போக 22,000 லிட்டர் கிடைக்கும். அதை ஒரு சொட்டு விடாமல் தொட்டியில் பிடித்தாலும் அந்தப் புல் 12 நாளில் குடித்துவிடும். அந்த வீட்டின் சரியான அளவுகளைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதி, ஆழ்துளைக் கிணறு எவ்வளவு தரும் என்பதையும், கோடையில் லாரித் தண்ணீர் என்ன விலை என்பதையும் அதன் பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள். செட்டிநாட்டுக் குடும்பங்கள் வணிகம் தெரிந்தவை. வரவு செலவைப் படிக்க அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே தாளில் மாற்றையும் காட்டுங்கள். விருந்தினர் மாலையில் உட்காரும் இடத்தில் மட்டும் 500 சதுர அடிக்குப் புல் இருக்கட்டும். மிச்ச இடத்தில் நீர் இறங்கும் கிராவல் தரை, சுவரிலிருந்து தள்ளிப் புங்கையும் நாவலும் இலுப்பையும், ஓரங்களில் ஆவாரை, நந்தியாவட்டை, பவழமல்லி. வளவு வீட்டின் முற்றங்களில் விழும் மழை, கட்டியவர்கள் போட்ட வடிகால் வழியாக எங்கே போகிறது என்பதைக் கோடு போடுவதற்கு முன்பே தேடிக் கண்டுபிடியுங்கள். அது பின்னால் உள்ள கிணற்றுக்கோ தெருவழியே ஊருணிக்கோ போகும் பாதையில் நீச்சல் குளமோ சிமெண்ட் தரையோ வந்துவிடக் கூடாது. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றது தனி மாளிகைகளாக அல்ல, கிராமத் தொகுதிகளாக. ஊருணிக்கு வரும் வரத்துக்காலை ஒரு விடுதியின் தோட்டம் அடைத்தால் நட்டம் ஊருக்கு.

சுவரையும் கவனியுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு வாங்கும் சுவர். அதன் அடியில் நாள்தோறும் தண்ணீர் பாய்ச்சினாலோ, அதையொட்டிச் சிமெண்ட் தளம் போட்டு மூடினாலோ, ஈரம் வேறு வழியின்றிச் சுவரில் மேலேறி உப்புப் பூத்து, வழவழப்பான பூச்சு உதிரத் தொடங்கும். சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டருக்குப் பாசனமே கூடாது என்று வரைபடத்தில் குறியுங்கள். ஆத்தங்குடிக் கல் கூடத்துக்கு அழகு. நனைந்தால் வழுக்கும் என்பதால் குளத்தைச் சுற்றிப் பதிக்க நான் உடன்பட மாட்டேன், அங்கே சொரசொரப்பான கருங்கல் போதும். குளத்தின் கட்டுமான வரைபடத்தில் கட்டமைப்புப் பொறியாளர்தான் கையெழுத்திட வேண்டும், நீங்கள் இடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால், உங்கள் தொட்டித் திட்டத்தைக் கூடுதல் செலவு என்று எவரும் ஒதுக்க முடியாது.

கடைசியாக ஒப்பந்தம். செட்டிநாட்டு வீட்டுக்குப் பெரும்பாலும் ஒருவர் மட்டும் உரிமையாளராக இருப்பதில்லை. பங்காளிகள் பல ஊர்களிலும் நாடுகளிலும் இருப்பார்கள். உங்களிடம் பேசுபவர் மற்றவர்கள் சார்பில் கையெழுத்திட எழுத்துப்பூர்வமான அதிகாரம் பெற்றவரா என்று மரியாதையுடன் கேட்டுவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது இன்னொரு பங்காளி வந்து, அந்த மரத்தை யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கேட்பது நடக்காத செய்தி அல்ல. வரைபடங்கள் எத்தனை, திருத்தம் எத்தனை முறை, ஒப்படைத்த பிறகு செடி பட்டுப்போனால் எத்தனை மாதத்துக்கு யார் பொறுப்பு, தண்ணீர் பாய்ச்சும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பனவற்றையும் எழுதுங்கள். நடவுப் பணி ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும் என்பதால், அந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, வரைபடத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய கடைசித் தேதியையும் அதே ஒப்பந்தத்தில் குறித்துவிடுங்கள்.