கோட்டு வரைபடத்தை விவரிக்க எத்தனை ஆங்கிலச் சொல் வேண்டும்?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் ரைட்டிங் பகுதியில், வரைபடத்தை விவரிக்கச் சொல்லும் முதல் டாஸ்க்குக்காக நூறு சொல் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தீர்கள். முக்கால்வாசியை அடித்துவிடுங்கள். அந்த டாஸ்க்குக்கு ஒதுக்க வேண்டியது 20 நிமிடம், எழுத வேண்டியது குறைந்தது 150 சொல். ஏறுவதற்கு ரோஸ், இன்கிரீஸ்டு. இறங்குவதற்கு ஃபெல், டிக்ளைன்டு. அப்படியே இருந்தால் ரிமெயின்டு ஸ்டேபிள். ஏறியோ இறங்கியோ வந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் லெவல்டு ஆஃப். மேலும் கீழுமாக ஆடினால் ஃப்ளக்சுவேட்டட். உச்சத்துக்கு பீக்டு அட். இவ்வளவு கைவசம் இருந்தால் தாராளம்.

மதிப்பெண் கழன்று போவது பெரும்பாலும் இவற்றை ஒட்டி வரும் குட்டிச் சொற்களில்தான். விற்பனை 2010-ல் 20, 2015-ல் 30 என்று வைத்துக்கொள்வோம். 'ரோஸ் டு 30' என்றால் 30-ஐத் தொட்டது. 'ரோஸ் பை 10' என்றால் 10 கூடியது. டு வர வேண்டிய இடத்தில் பை போட்டு 'ரோஸ் பை 30' என்று எழுதினால் விற்பனை 50 ஆகிவிடும். இலக்கணம் சரி, தகவல் தப்பு. பெயர்ச்சொல்லாக்கினால் 'எ ரைஸ் ஆஃப் 10', எதில் என்று சொல்ல 'எ ரைஸ் இன் சேல்ஸ்'. அந்த 20-ம் 30-ம் விழுக்காடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கூடியது 10 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ். அதையே 10 பர்சென்ட் என்று எழுதக் கூடாது, ஏனென்றால் 20-லிருந்து 30 என்பது 50 பர்சென்ட் உயர்வு.

அப்புறம், ஸ்லைட் (சிறிதளவு) என்பது மாற்றத்தின் அளவு, கிராஜுவல் (படிப்படியாக) என்பது அதன் வேகம். பத்தாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மடங்கானதை கிராஜுவல் எனலாம், ஸ்லைட் எனக் கூடாது. ஸ்கைராக்கெட்டட், அதாவது ராக்கெட் போல எகிறியது என்ற சொல் மாணவர்களுக்கு ஏனோ ரொம்பப் பிடிக்கிறது. 48 என்பது 52 ஆனதற்கெல்லாம் அதை எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

'தி கிராஃப் இன்கிரீஸ்டு' என்று எழுதாதீர்கள். கூடியது எண்ணிக்கை: 'தி நம்பர் ஆஃப் விசிட்டர்ஸ் இன்கிரீஸ்டு'. எண்ணிக்கை தானாக உயர்ந்தால் ரோஸ், யாரோ உயர்த்தினால் ரெய்ஸ்டு. கடந்துபோன ஆண்டுகளுக்கு இறந்தகாலம் போதும், வரப்போகும் ஆண்டுகளுக்கு 'இஸ் ப்ரொஜெக்டட் டு ரைஸ்'.

சரி, பட்டியலை விட்டால் எதைப் படிப்பது? ஒரு வரைபடத்தை எடுத்து ஒரே மாற்றத்தை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்: 'சேல்ஸ் ரோஸ் ஷார்ப்லி', 'தேர் வாஸ் எ ஷார்ப் ரைஸ் இன் சேல்ஸ்'. இது சரளமாகிவிட்டால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோமே என்ற பயம் போய்விடும். இந்த டாஸ்க்கில் சொல்வளத்துக்கு கால் பங்கு மதிப்பெண்தான். வரைபடத்தின் மொத்தப் போக்கைச் சொல்லும் ஓவர்வியூ இல்லாவிட்டால் எந்தச் சொல்லாலும் அதை ஈடுகட்ட முடியாது. அதற்கு, மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது எதை முந்தியது என்று எண்களே இல்லாமல் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஏன் ஏறியது என்ற உங்கள் ஊகம் வேண்டாம். 20 நிமிடம் ஆனதும் நிறுத்திவிட்டு இரண்டாவது டாஸ்க்குக்குப் போய்விடுங்கள். அதற்கு இதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு.