அப்பல்லோ 11-இல் வந்த ‘1202’ எச்சரிக்கை என்ன? மார்கரெட் ஹாமில்டனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

‘புது வேலையை வைக்க நினைவகத்தில் இடமில்லை’ என்பதுதான் 1202. 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கும்போது, ரேடார் ஒன்றிலிருந்து தேவையில்லாத துடிப்புகள் வந்து விண்கலக் கணினியின் நேரத்தைத் தின்றன. வேலைகள் தேங்கின. அதன் தற்காலிக நினைவகமோ வெறும் 2048 ‘சொற்கள்’ (கணினி ஒரே நேரத்தில் கையாளும் தரவுத் துண்டுகள்)!

மென்பொருள் உடனே தன்னை மறுதொடக்கம் செய்தது. எஞ்சின், வழிநடத்தல் போன்றவற்றை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, மற்றதைக் கைவிட்டது. அவசரப் பிரிவில் மாரடைப்புக்காரரை முதலில் உள்ளே அழைத்து, சுளுக்குக்காரரைக் காக்க வைப்பார்களே, அதே கணக்கு.

ஹாமில்டன் (பிறப்பு 1936) கணிதப் பட்டதாரி. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் வானிலைக் கணிப்புக்கு நிரல் எழுதத் தொடங்கி, இந்த மென்பொருளை உருவாக்கிய அப்பல்லோ பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைவரானார். பிழைகள்தான் அவருடைய ஆய்வு ஆர்வம். பறக்கும்போது, ஏவுவதற்கு முந்தைய பி01 நிரலைத் தெரியாமல் அழுத்தினால்? அவருடைய சிறுமகள் பயிற்சிக் கருவியில் அதைச் செய்தாள். அதைத் தடுக்கும் நிரலைச் சேர்க்க ஹாமில்டன் விரும்பினார்; ‘வீரர்கள் தவறு செய்யமாட்டார்கள்’ என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். 1968-இல் அப்பல்லோ 8-இல் விண்வெளி வீரர் ஜிம் லவல் அதையே அழுத்த, வழிநடத்தல் தரவு அழிந்தது.

தன் உயரத்துக்கு அடுக்கிய அப்பல்லோ நிரல் தாள்களோடு ஹாமில்டன் நிற்கும் படத்தைப் பார்த்து, அத்தனையும் அவர் ஒருவரே எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குழுவின் உழைப்பு.